கரையில் நின்று தூண்டில் போட: சாமான் கட்டுவது முதல் முள் எண்ணுவது வரை

காசிமேட்டிலிருந்து எண்ணூர் போகிற சாலையில் கடல் பக்கம் பார்த்தால், கருங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் கை நீட்டினாற்போல வரிசையாகக் கட்டியிருப்பார்கள். அரசுக் கோப்பிலும் குப்பத்து வாயிலும் அதற்கு ஒரே பெயர், தூண்டில் வளைவு. தூண்டில் முள் மாதிரி வளைந்து இருப்பதால் வந்த பெயர்தான். ஆனால் சாயங்காலம் அதன்மேல் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்தால் பெயருக்கு வேறு காரணம் தோன்றும். பாதிப் பேர் கையில் தூண்டில் இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். மீனவன் இல்லை, வாரத்தில் ஆறு நாள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவன். குப்பத்து அண்ணன் ஒருவர் பரிதாபப்பட்டுச் சொல்லிக்கொடுத்ததையும், நானே சொதப்பிக் கற்றதையும் இங்கே எழுதுகிறேன். இதுவரை தூண்டிலே தொடாதவர்களுக்கும், குடும்பத்தோடு ஒரு நாள் கடற்கரைக்குப் போக நினைப்பவர்களுக்கும் பயன்படும்.

கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே ஒரு வேலை. கொண்டுபோகிற தூண்டில் முள் எத்தனை என்று எண்ணி ஒரு துண்டுச் சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். எதற்கு என்று கடைசியில் தெரியும்.

1. நாளும் நேரமும்

சென்னை, செங்கல்பட்டு, திருவள்ளூர் கரைகளுக்குத் தை பாதியிலிருந்து சித்திரை வரை நல்ல காலம். கடல் தணிந்து கிடக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் போகாதீர்கள். வாடைக்காற்றில் கடல் கலங்கிவிடும். கூவமும் அடையாறும் ஒரு வருடக் குப்பையை ஒரே வாரத்தில் கொண்டுவந்து தள்ளும். அந்த நாட்களில் தூண்டில் போட்டால் சேலைத் துணியும் பால் கவரும்தான் மாட்டும். ஒருமுறை ஆசைப்பட்டுப் போய், ஒரு முழுத் தலையணை உறையை இழுத்துக்கொண்டு வந்தேன்.

திறந்த மணல்கரையில் விடியலுக்கு அரை மணி முன்பிருந்து வெயில் ஏறும்வரை, அப்புறம் சாயங்காலம் அந்தி சாயும்போது. கழிமுகத்தில் கணக்கு வேறு. அங்கே ஓதம், அதாவது கடலின் நீர்மட்டம், ஏறத் தொடங்கும் முதல் இரண்டு மணி நேரம்தான் மீன் இரை தேடி உள்ளே வரும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றமும் வற்றலும் அதிகமாக இருக்கும். அதிகம் என்றாலும் சென்னைக் கரையில் ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். ஏறும் நேரம் நாளுக்கு நாள் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். போன ஞாயிறு காலை ஆறு மணிக்கு நன்றாகக் கடித்தது என்று இந்த ஞாயிறும் ஆறு மணிக்கே போனால் ஏமாறுவீர்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம். அது விசைப்படகுகளுக்கானது, கரையில் நின்று தூண்டில் போடுகிறவரைக் கட்டுப்படுத்தாது. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தடை நமக்கு இல்லை என்றாலும், பல மீன்கள் முட்டையிடும் காலம் அது என்பதை நினைவில் வைத்தால் போதும்.

வானிலையில் மழையை மட்டும் பார்க்காதீர்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்கிற கடல் தகவல் மையம் உயர் அலை எச்சரிக்கை விடும், அதைக் கட்டாயம் பாருங்கள். கேரளத்திலும் குமரியிலும் மீனவர்கள் கள்ளக்கடல் என்று ஒன்றைச் சொல்வார்கள். வெகு தொலைவில், இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை நாட்கணக்கில் பயணம் செய்து இங்கே வந்து ஏறும். காற்று இருக்காது, மேகம் இருக்காது, வெயில் பளிச்சென்று அடிக்கும். திருடன் போல வருவதால்தான் அந்தப் பெயர். 2024 மே 6 அன்று நாகர்கோவில் பக்கம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் இறந்தது அப்படியொரு எச்சரிக்கை இருந்த நாளில்தான்.

2. எங்கே நிற்பது, எங்கே கேட்டுவிட்டு நிற்பது

இடங்கள் மூன்று வகை. மணல்கரை, கழிமுகம், தூண்டில் வளைவு. முதல்முறை போகிறவர்கள், குழந்தைகளோடு போகிறவர்கள், மணல்கரையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கோவளம், முட்டுக்காடு, பழவேற்காடு போன்ற கழிமுகங்களில் மீன் வகை அதிகம், சேறும் அதிகம்.

தூண்டில் வளைவில் ஏறுவதற்கு முன் கீழே நின்று பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா பாருங்கள். அலை ஒரே அளவில் வராது. நாலு சின்ன அலைக்குப் பிறகு இரண்டு பெரியது வரும். கல்லில் பச்சைப் பாசி எதுவரை இருக்கிறதோ அதுவரை தண்ணீர் ஏறும் என்று அர்த்தம், அதற்கு மேலேதான் உங்கள் கால் இருக்க வேண்டும். ரப்பர் செருப்பு வேண்டவே வேண்டாம்.

ஏறி நின்றதும் இரண்டு பக்கமும் பாருங்கள். தெற்கே மணல் சேர்ந்திருக்கும், வடக்கே கடல் உள்ளே வந்திருக்கும். நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே ஒரு சுவர் வைத்தால் தெற்குப் பக்கம் தேங்கும், வடக்குப் பக்கம் பட்டினி கிடக்கும். 1870களில் சென்னைத் துறைமுகம் கட்டத் தொடங்கிய பிறகு நடந்தது இதுதான். தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கரை கரைந்தது. கரைந்த கரையைக் காக்கக் கல் கொட்டினால், அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்கிறது. அங்கேயும் தூண்டில் வளைவு கேட்கிறார்கள். அவர்கள் வீடு போகிறது, கேட்காமல் என்ன செய்வார்கள்? நான் சௌகரியமாக உட்கார்ந்து தூண்டில் போடுகிற கல், வடக்கே யாருடைய மணலையோ பிடித்துவைத்திருக்கிறது. அதற்காக அங்கே உட்காராமலும் இல்லை.

அடுத்தது மரியாதை. வலை காயப்போட்ட இடம், படகு ஏற்றி இறக்கும் இடம், பெரிய வலை இழுக்கும் இடம், இவை மீனவர்கள் வேலை செய்யும் தளம். வலையை மிதிக்காதீர்கள், படகில் சாய்ந்து படம் எடுக்காதீர்கள். பழவேற்காடு ஏரியில் இறால் வலை கட்டும் இடங்களை ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். பாடு என்பார்கள். தண்ணீரில் கோடு எதுவும் தெரியாது, ஆனால் யாருக்கு என்றைக்கு எந்த இடம் என்று அவர்களுக்குத் தெரியும். “அண்ணே, இங்க தூண்டில் போடலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். பெரும்பாலும் நல்ல இடத்தையே காட்டுவார்கள். “இன்னா தம்பி, கல்லாண்ட போட்டா முள்ளுதான் போவும், அப்டிக்கா போ” என்று எனக்குக் கிடைத்த முதல் பாடமே இப்படிக் கேட்டதில் வந்ததுதான்.

துறைமுக எல்லைக்குள் போகவே கூடாது. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் 21 தீவுகளும் 1986 முதல் பாதுகாக்கப்பட்டவை. யாராவது படகில் கூட்டிப்போய் இறக்கிவிடுகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள்.

3. சாமான்

கடையில் நுழைந்தால் ராடும் ரீலும் காட்டுவார்கள். பளபளப்பாக இருக்கும், கை அரிக்கும். முதல் வருடம் வாங்காதீர்கள். கைத்தூண்டில் போதும். முள் கட்டும் நைலான் நரம்பு விரலில் இருந்தால் கடலடியில் நடப்பது நேராகக் கைக்கு வரும். ராடில் அந்தச் செய்தி பாதி வழியிலேயே தொலைந்துவிடும்.

தங்கூஸ் நரம்பு, 0.35 மி.மீ. பருமனில் ஒரு சுருள். சுற்றிவைக்க நாலு அங்குலப் பிவிசி குழாய்த் துண்டு ஒரு சாண் நீளம். கண்ணாடிப் பாட்டிலில் சுற்றும் பழக்கம் உண்டு, ஆனால் கல்லில் விழுந்தால் உடைந்து அடுத்தவர் காலைக் கிழிக்கும். ஒரு மூக்கு இடுக்கி, சின்னக் கத்தரி, பழைய துணி, மூடி போட்ட அகலவாய் டப்பா ஒன்று, மஞ்சப்பை ஒன்று. இந்த டப்பாவும் பையும் அறுந்த நரம்புக்கும் குப்பைக்கும்.

முள்ளுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட முள் சிறியதாகும், முதலில் எல்லாருக்கும் குழப்பும். கிழங்கான் மீனுக்கு வாய் சின்னது, 10 அல்லது 12. மற்றதற்கு 6 அல்லது 8. முடிந்தால் வட்ட முள் கேளுங்கள். நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். மீன் அதை விழுங்கினாலும் இழுக்கும்போது வெளியே வழுக்கி வந்து பெரும்பாலும் வாயோரத்தில்தான் மாட்டும், குடலில் மாட்டுவது குறைவு. வேண்டாத மீனை உயிரோடு விடுவதற்கு இதுபோல வசதி எதுவும் இல்லை. சாதா முள்தான் கிடைத்தது என்றால், நுனிக்குப் பின்னால் எதிர்த்து நிற்கும் குட்டி முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். இரண்டு மீன் நழுவலாம், போகட்டும். உங்கள் விரலில் குத்தினாலும் சுலபமாக வெளியே வரும். நசுக்காத முள் ஆழமாக ஏறினால் பிடுங்காதீர்கள், அப்படியே மருத்துவமனைக்குப் போய் எடுத்து டிடி ஊசியும் போட்டுக்கொள்ளுங்கள்.

ஈயக்குண்டு என் பையில் இப்போது இல்லை. ஈயம் நஞ்சு. இங்கிலாந்தில் தூண்டில்காரர்கள் விட்டுப்போன சின்ன ஈயக்குண்டுகளைத் தின்று அன்னங்கள் செத்ததால், 1987இல் அவற்றின் விற்பனைக்கே தடை போட்டார்கள். நம் ஊரில் குழந்தைகள் அதைப் பல்லால் கடித்து நரம்பில் அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன், பார்க்கவே பகீரென்று இருக்கும். பழைய இரும்புக் கடையில் துருப்பிடித்த நட்டுகள் எடைக்குக் கிடைக்கும். 30, 40 கிராம் நட்டு ஒன்று குண்டின் வேலையை அப்படியே செய்யும்.

4. கட்டும் முறை

இந்த ஒரு பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

முதலில் முடிச்சு. நரம்பின் நுனியை முள்ளின் காதில் நுழையுங்கள். வெளியே வந்த நுனியை நரம்பின் மேலேயே ஐந்தாறு சுற்றுச் சுற்றுங்கள். அப்புறம் காதை ஒட்டி இருக்கும் முதல் வளையத்துக்குள் நுனியை விட்டு, எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இழுங்கள். காய்ந்த நரம்பை வெடுக்கென்று இழுத்தால் உராய்வில் சூடேறிப் பலம் குறையும். இறுகியதும் மிச்ச நுனியைக் கத்தரித்து டப்பாவில் போடுங்கள், கீழே போடாதீர்கள்.

அடுத்து எடை. இதுதான் அண்ணன் கற்றுக்கொடுத்த வித்தை. நட்டைத் தங்கூஸில் கட்டாதீர்கள். நரம்பின் கடைசியில் ஒரு சின்ன வளையம் போட்டு, அதில் பூக்கட்டும் நூலால் நட்டைத் தொங்கவிடுங்கள். நட்டிலிருந்து ஒரு சாண் மேலே கிளை நரம்பு கட்டி அதில் முள். இன்னொரு சாண் மேலே இரண்டாவது முள். இரண்டுக்கு மேல் வேண்டாம்.

கல்லிடுக்கில் மாட்டுவது பெரும்பாலும் எடைதான். தங்கூஸில் கட்டியிருந்தால், இழுக்க இழுக்க நரம்பு நடுவில் எங்கோ அறுந்து, முள்ளும் இரையும் பத்து முழம் நைலானும் கடலிலேயே கிடக்கும். பூநூலில் கட்டியிருந்தால் நூல் மட்டும் அறும். நட்டு போகும், மற்றதெல்லாம் கைக்கு வரும். இரும்பு துருப்பிடித்துக் கரையும், பஞ்சு நூல் மக்கும். நைலான் நரம்போ பல நூறு வருடம் அப்படியே கிடக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கிடந்தால் சும்மாவும் கிடக்காது. அதில் இரை இருக்கிறது, முள் இருக்கிறது. ஒரு நண்டு மாட்டும், நண்டைத் தின்ன வந்த மீன் மாட்டும். ஆளில்லாமலே அது மீன் பிடித்துக்கொண்டிருக்கும். நீர்க்காகமும் கூழைக்கடாவும் கால் சிக்கிச் செத்துக் கிடப்பது இந்த நரம்பில்தான்.

5. இரை

மணல்கரைக்கு இறால் துண்டு போதும். ஓட்டை உரித்து, சுண்டுவிரல் நகம் அளவு வெட்டி, முள்ளின் நுனி மட்டும் தெரியும்படி கோர்க்க வேண்டும். கணவாய்த் துண்டு கெட்டியாக இருக்கும், சின்ன மீன்கள் பிய்த்துக்கொண்டு போக முடியாது. மடவைக்கு இதெல்லாம் பிடிக்காது. அது சேற்றையும் பாசியையும் மேய்கிற மீன், அதற்கு மைதா மாவு உருண்டைதான்.

எண்ணூர், பழவேற்காடு பக்கம் போனால் இருளர் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையாலேயே சேற்றைத் தடவி இறால் பிடித்து, வாயில் கவ்விய பறிக் கூடையில் போடுவதைப் பார்க்கலாம். இரை அவர்களிடம் வாங்குங்கள். உயிரோடு இருக்கும், பேரம் பேசாதீர்கள். மணல் புழுவுக்காகக் கரையைக் குழி குழியாகத் தோண்டிப்போட்டுப் போகிறவர்களும் உண்டு. தோண்டினால் மூடிவிட்டு வாருங்கள்.

6. தண்ணீரைப் பார்த்து வீசுவது

மணலில் இருபது மீட்டர் நரம்பை உருவி வளையம் வளையமாகப் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பாருங்கள். நட்டுக்கு மேலே ஒரு முழம் விட்டுப் பிடித்து, பக்கவாட்டில் இரண்டு சுற்றுச் சுற்றி விடுங்கள். முதல் பத்து வீச்சு முதுகுக்குப் பின்னால்தான் போகும். அதனால்தான் அந்தப் பத்தையும் முள் கட்டாமல் வீசிப் பழகச் சொல்கிறேன்.

எங்கே வீசுவது? கரையோர நீரோட்டத்துக்குக் குப்பத்தில் பெயர் உண்டு. தெற்கிலிருந்து வடக்கே ஓடினால் தெண்டி, வடக்கிலிருந்து தெற்கே ஓடினால் வன்னி. ஒரு காய்ந்த குச்சியைத் தண்ணீரில் போட்டால் எது ஓடுகிறது என்று தெரிந்துவிடும். தெண்டி ஓடினால் உங்களுக்குத் தெற்கே வீசுங்கள். எடை உருண்டு வந்து உங்கள் நேரே நிற்கும், வழியெல்லாம் இரை தரையைத் தடவிக்கொண்டே வரும். நேராக வீசினால் ஐந்து நிமிடத்தில் பக்கத்தில் நிற்பவர் நரம்போடு சிக்கிக்கொள்ளும். அப்புறம் மீன் பிடிப்பது போய்ப் பஞ்சாயத்துதான்.

அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும் இரண்டு இடங்களுக்கு நடுவே, உடையாமல் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக ஒரு வாய்க்கால் போலத் தெரியும் பாருங்கள். அங்கே ஆழம் அதிகம், மீனுக்கு நல்ல இடம், வீசுங்கள். குளிக்க மட்டும் அங்கே இறங்கவே கூடாது. கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் அந்த வழியாகத்தான் கடலுக்குத் திரும்பி ஓடுகிறது, ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். அலையில்லாத இடம் பாதுகாப்பு என்று நினைத்து இறங்கியவர்கள் எத்தனையோ பேர். தூண்டில் வளைவின் ஓரத்திலும் இதே இழுப்பு இருக்கும். சிக்கினால் கரையை நோக்கி நீந்தாதீர்கள், பலம் தீர்ந்துவிடும். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி, அலை உடையும் இடத்துக்கு வந்தபின் கரையேறுங்கள். முடியாவிட்டால் மிதந்துகொண்டு கையை ஆட்டுங்கள். கடலோரக் காவல் குழுமம் 1093, இந்தியக் கடலோரக் காவல்படை 1554. இரண்டையும் இப்போதே போனில் ஏற்றிவிடுங்கள்.

நரம்பை ஆள்காட்டி விரல்மேல் போட்டு லேசாக விறைப்பாக வையுங்கள். டக்கு டக்கென்று தந்தி அடித்தால் கீச்சான், இரையைத் திருடுகிறது. இரண்டு துள்ளல், ஓர் இடைவெளி என்றால் கிழங்கானாக இருக்கலாம். நிதானமாகக் கனத்து இழுத்தால் கெளுத்தி. வட்ட முள் என்றால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். கனம் தெரிந்ததும் சீராகச் சுற்றினால் தானே மாட்டிக்கொள்ளும்.

7. மாட்டிவிட்டது. அப்புறம்?

முதலில் என்ன மீன் என்று பாருங்கள், பிறகு தொடுங்கள்.

கீச்சான் உடம்பில் மூன்று கறுப்பு வில் கோடுகள் இருக்கும். பிடித்தால் கீச்சென்று சத்தம் போடும், பெயரே அதனால்தான். செவுள் மூடியில் முள் இருக்கிறது, துணியால் பிடியுங்கள். கடல் கெளுத்திக்கு முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று விஷ முட்கள். செத்த பிறகும் குத்தும். முட்களைக் கத்தரித்துக் கரையில் எறிந்தால், வெறுங்காலோடு ஓடுகிற குழந்தைக்கு அது போய்ச் சேரும். குத்திவிட்டால், பொறுக்கக்கூடிய அளவு சூடான தண்ணீரில் அரை மணி நேரத்துக்கு மேல் வையுங்கள், வலி தணியும். அப்புறம் மருத்துவரைப் பாருங்கள். திருக்கை முள்ளுக்கும் இதேதான்.

கெளுத்தியில் ஒரு விசேஷம். முட்டையை ஆண்தான் வாயில் வைத்துக் காக்கும். கோலிக்குண்டு போல உருண்டையான முட்டைகள், குஞ்சு பொரித்து வெளியே வரும்வரை வாய்க்குள்ளேயே இருக்கும். அந்த நாட்களில் அது இரை எடுக்காது, அதனால் தூண்டிலில் அகப்படுவது அபூர்வம். வலைக்கு அந்தத் தப்பித்தல் கிடையாது. 1980களில் கர்நாடகக் கரையில் சுருக்குமடி வலைகள் முட்டை சுமந்த கெளுத்திகளைக் கூட்டத்தோடு அள்ளின. கெளுத்தி வரத்தும் பிறகு விழுந்தது.

பேத்தை மாட்டினால் பந்து போல ஊதும். படம் எடுப்பதற்காக ஊதவைத்து விளையாடாதீர்கள், உடனே விடுங்கள். அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது. கடல் பாம்பு தெரிந்தால் நரம்பை வெட்டிவிட்டு விலகுங்கள். நம் மருத்துவமனைகளில் இருக்கும் பாம்புக்கடி மருந்து நிலப்பாம்புகள் நான்குக்கானது, கடல் பாம்புக்கு இல்லை.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? கேரளத்தில் மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. நான் வைத்துக்கொண்டிருக்கும் கணக்கு எளிது. என் உள்ளங்கையைவிடச் சின்னது எதுவும் வீட்டுக்கு வராது, ஒரு வேளைக் குழம்புக்கு மேலேயும் வராது. கொடுவாவில் மட்டும் கணக்குத் தலைகீழ். கொடுவா ஆணாகத் தொடங்கி, பெரிதான பிறகு பெண்ணாக மாறும். ஆகவே மிகப்பெரிய கொடுவாக்கள் எல்லாம் தாய் மீன்கள். அப்படியொன்று மாட்டினால் விட்டுவிடுங்கள் என்று பெருந்தன்மையோடு சொல்கிறேன். எனக்கு இதுவரை மாட்டியதில்லை, மாட்டினால் தெரியும் சங்கதி.

விடுகிற மீனைக் காய்ந்த கையால் பிடிக்காதீர்கள், மேல்பூச்சு உரிந்துவிடும். கையை நனைத்துக்கொண்டு, மணலில் போடாமல், தண்ணீரை ஒட்டியே முள்ளைக் கழற்றுங்கள். முள்ளை விழுங்கியிருந்தால் தோண்டாமல் வாயோரம் நரம்பை வெட்டிவிடுவது மேல்.

வைத்துக்கொள்ளும் மீனை உடனே ஐஸில் போடுங்கள். மீன் எவ்வளவோ ஐஸும் அவ்வளவு. வெயிலில் கிடந்த கானாங்கெளுத்தியும் (அயிலைதான், கெளுத்தி இல்லை) சூரையும் கெட்டால் வரும் நஞ்சும் கொதிக்கவைத்தால் போகாது. கூவம், அடையாறு முகத்துவாரத்தில் பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். நகரத்தின் சாக்கடை அங்கேதான் சேர்கிறது. எண்ணூர்க் கழிமுகத்திலும் நான் பிடித்துவிட்டு விட்டுவிடுவேன். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து அலையாத்தி மரங்களின் வேர் வரை அப்பியது. எனக்கு விட்டுவிடுகிற வசதி இருக்கிறது. அங்கேயே பிடித்து விற்றுப் பிழைக்கிறவர்களுக்கு இல்லை.

8. உடன் வந்தவர்களுக்கு

எல்லாரும் தூண்டில் போட மாட்டார்கள். குழந்தைகளுக்கு நண்டு வளையைக் காட்டுங்கள், தோண்ட வேண்டாம். கரையில் நீல நிறத்தில் பலூன் மாதிரிச் சொறிமீன் கிடந்தால், செத்ததாகத் தெரிந்தாலும் தொடக்கூடாது. பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல், நல்ல தண்ணீரும் விடாமல், கடல் நீரால் கழுவுங்கள்.

படகுச் சவாரி என்றால் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறவே வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். படகுக்காரர் “இன்னும் ரெண்டு பேர் ஏறலாம்” என்று சொன்னால் நீங்கள் இறங்கிவிடுங்கள்.

கடைகளில் பவளப்பாறைத் துண்டு, கடல் குதிரை, கடல் விசிறி விற்றால் வாங்காதீர்கள். பவளப்பாறையும் கடல் குதிரையும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் இருப்பவை, வாங்கினவரும் மாட்டுவார். சாப்பாட்டை எவர்சில்வர் டப்பாவில் கொண்டுபோங்கள். ஒருமுறை தூக்கியெறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருந்தும் கடற்கரையைப் பார்த்தால் யாருக்கும் தெரிந்ததாகத் தெரியவில்லை.

ஜனவரியிலிருந்து மார்ச், ஏப்ரல் வரை இரவில் தூண்டில் போடப் போகாதீர்கள். பங்குனி ஆமைகள் முட்டையிட வரும் காலம். ஒரு ஆமை நூறு முட்டைக்கு மேல் இடும். டார்ச் வெளிச்சத்தைப் பார்த்தால் தாய் திரும்பிப் போய்விடும். குஞ்சுகள் கடலின் மினுமினுப்பை நம்பிப் போகிறவை, நம் விளக்கைக் கடல் என்று நினைத்துச் சாலைக்கு வரும். பார்க்க ஆசை என்றால், மாணவர்கள் 1988 முதல் நீலாங்கரை, பெசன்ட் நகர் கரைகளில் நடத்தும் ஆமை நடையில் சேர்ந்து போகலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. இழுவைப் படகின் மடிவலையில் சிக்கினால் ஆமை மூச்சு முட்டிச் சாகும், அது தண்ணீருக்கு மேலே வந்து காற்று வாங்கும் பிராணி. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைப் படகு வரக்கூடாது என்ற விதி காகிதத்தில் இருக்கிறது. செத்த ஆமையைக் கண்டால் மேலே ஏறிப் படம் எடுக்காமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

9. கிளம்புமுன்

நரம்பைச் சுற்றுங்கள். சிக்கெடுக்க முடியாத பகுதியை வெட்டி டப்பாவில் திணியுங்கள். எரிக்க வேண்டாம். நின்ற இடத்தைச் சுற்றி ஐந்தடிக்குள் கிடக்கும் அடுத்தவர் நரம்பையும் எடுத்துக்கொள்ளுங்கள், கல்லிடுக்கில் நிச்சயம் இருக்கும். குடலைக் கரையிலேயே கழுவிப்போட்டால் நாய்கள் வரும், அதற்குள் முள் துண்டு இருந்தால் நாய் தொண்டையில் மாட்டும். வீட்டில் கொண்டுபோய்ச் செடிக்குப் புதைக்கலாம்.

இப்போது சட்டைப்பையில் இருக்கும் சீட்டை எடுங்கள். கொண்டுவந்த முள் எத்தனை, கையில் இருப்பது எத்தனை என்று எண்ணுங்கள். குறைந்தால் தேடுங்கள், பாதி நேரம் துணியிலோ பையிலோ குத்திக்கொண்டிருக்கும். கடலில்தான் போனது என்றால் எண்ணை மறுபக்கம் எழுதிவையுங்கள்.

என்னுடைய கடைசிச் சீட்டில் முன்பக்கம் 6, பின்பக்கம் 4 என்று இருக்கிறது. ஒன்றை ஒரு கெளுத்தி விழுங்கிக்கொண்டு போனது. இன்னொன்று வளைவின் நுனியிலிருந்து மூன்றாவது கல்லுக்கும் நாலாவது கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. வற்றல் நன்றாக இறங்கும் ஒரு அமாவாசை நாளில் இடுக்கியோடு போய்ப் பார்க்க வேண்டும்.